வைக்கோல் வளைவில் எட்டாவது படம்

டப்பா கேமராவைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எழுதினால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். சொல்லி எழுதினாலும் தப்பாகத்தான் நினைக்கப் போகிறீர்கள். ஆனால் காரணம் தெரிந்து நினைப்பீர்கள்.

அது ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் ஒரு லென்ஸ், பக்கவாட்டில் அமுக்குவதற்கு ஒரு குச்சி, பின்னால் படத்தின் எண் தெரிகிற சிவப்பு ஓட்டை, மேலே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, அந்தச் சில்லுக்குள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும், ஆனால் பக்கம் மாறித் தெரியும். நமக்கு வலது புறம் நிற்கிற மரம் சில்லுக்குள் இடது புறம் நிற்கும். இடது புறமாகப் போகிற மாடு அதில் வலது புறமாகப் போகும். கழுவி எடுத்த படத்தில் எல்லாம் சரியாகவே வரும். சில்லு மட்டும்தான் பொய் சொல்லும். இது தெரியாமல் என் முதல் சுருளைப் பாழாக்கினேன். ஒரு சுருளுக்கு எட்டே எட்டுப் படம்.

ஐம்பதுகளில் எங்கள் வாப்பாவுக்குப் பொன்னேரி கடைத்தெருவில் துணிக்கடை இருந்தது. வீடு பழவேற்காட்டில். நான் கடையில் முழம் போட்டுத் துணி கிழிக்கிறவன். சரக்கெடுக்க மெட்ராஸ் போன ஒரு நாள், மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் பரப்பி வைத்திருந்தவனிடம் அந்தப் பெட்டியை வாங்கிவிட்டேன். வாப்பாவுக்கு இந்த மாதிரி சங்கதியெல்லாம் ஆகாது. அதனால் அது கடையில் வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் குடியிருந்தது.

அங்கேதான் என் சிநேகிதன் அதைக் கண்டுபிடித்தான். அவன் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிற குடும்பத்துப் பிள்ளை, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவன், கட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பெட்டியை எடுத்து, "இன்னா பாய் இது, வெத்தலப் பொட்டியா?" என்றான். அவனுக்குப் படத்தில் ஆசை கிடையாது. வண்டியில்தான் ஆசை. லாரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து அது எந்த மாதிரி லாரி, சரக்கோடு வருகிறதா காலியாக வருகிறதா என்று சொல்லுவான். நான் நம்பாமல் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னதுதான் வந்தது.

அவன் ஊருக்குக் கிட்டே யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அவன் பெரியப்பாவின் நிலம் அதற்குள் போயிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, அறுவடை முடிந்த பிறகு, மெட்ராஸ்காரர்களும் எங்கெங்கிருந்தோ துரைமார்களும் காரும் மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்து அதில் பந்தயம் ஓட்டுவார்கள். கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் ஒரு பக்கம். கையில் பட்டி கட்டிக்கொண்டு பெரிய கேமராவோடு ஓட்டப்பாதை ஓரம் வரை போகிற பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம். கயிற்றுக்கு வெளியே வெயிலில் நிற்கிற நாங்கள் மூன்றாம் பக்கம். அந்த மூன்றாம் பக்கத்திலிருந்து, இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஓடுகிற காரைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். கிட்டாதது என்றால் அந்த வயசில் ஒரு கிறுக்கு.

இந்தப் பெட்டியில் ஓடுகிற வண்டியை எடுத்தால் ஈரத்துணியால் துடைத்த எழுத்து மாதிரி இழுத்துக்கொண்டுதான் விழும். அதற்கு ஒரே வழி, வண்டியோடு சேர்ந்து நாமும் இடுப்பைத் திருப்புவது. அப்போது மரமெல்லாம் கலைந்து போகும், வண்டி மட்டும் நிற்கும். ஆனால் குனிந்து சில்லைப் பார்க்கிறவனுக்கு வண்டி எப்போது வருகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு என் சிநேகிதன்தான் வழி கண்டான். கடை லீவு நாட்களில் ரயிலில் எளாவூர் போவோம். செக்போஸ்ட்டில் நின்று கிளம்பி வேகம் எடுக்கிற லாரிகள்தான் எங்கள் பந்தயக் கார். அவன் தள்ளி நின்று, லாரி புளியமரத்தைத் தாண்டியதும் தோளில் கிடக்கிற துண்டைக் கீழே போடுவான். துண்டு விழுந்ததும் நான் திரும்ப ஆரம்பிப்பேன்.

லாரிச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் எங்களுக்குள் கையால்தான் பேச்சு. நான் கையை எந்தப் பக்கம் வீசுகிறேனோ அந்தப் பக்கம் அவன் நகர வேண்டும். அது அவன் வேலை. வீசுவதற்கு முன்னால் சில்லை விட்டுத் தலையைத் தூக்கி நேராக ஒரு தடவை பார்க்க வேண்டும். அது என் வேலை. ஒரு நாள் நான் மறந்துபோய்ச் சில்லைப் பார்த்தபடியே கையை வீச, அவன் அந்தப் பக்கமாகவே பின்வாங்கிப் பின்வாங்கி முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டான். "உன் சில்லை நம்பினா எருமை கூடத்தான் படுக்கணும் பாய்" என்று சிரித்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த வருஷப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. வளைவுகளில் கார் தப்பி வந்தால் முட்டி நிற்பதற்கு வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். அந்த வைக்கோல் அவன் வீட்டுக் களத்திலிருந்து போனது. அவனே வண்டி பூட்டிக் கொண்டுபோய், அவனே அடுக்கினான். பந்தயக் காவலுக்கு நின்ற ஆட்கள் எல்லாரும் அவனுக்குப் பழக்கமாகிவிட்டார்கள்.

"எங்க ஊட்டு வைக்கோலு பாய். அதும்மேல நான் நிக்கறதுக்கு எவன் இன்னா சொல்லுவான்?" என்றான்.

பந்தயத்தன்று காலையில் சைக்கிளில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. போரடிக்க ஆள் வந்து களத்தில் நிற்கிறது, அவன் அப்பாவுக்கு இளைப்பு, இவன் பந்தயம் பார்க்கக் கிளம்பி நிற்கிறான். எந்தப் பெண்டாட்டிதான் கத்தமாட்டாள்? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை அவர்களுக்கு. அவன் துண்டைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே இருந்து அதைக் கொண்டுவந்து அவன் மூஞ்சியில் வீசினாள்.

"போறதுன்னா ஒரேடியாப் போ. திரும்பி இந்த ஊட்டுப் பக்கம் வராத" என்றாள்.

தெருவில் தண்ணீர் சுமந்து போன பெண்கள் நின்று பார்த்தார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் சைக்கிளின் பின்னால் ஏறினான். அது ஒரு சண்டையே இல்லை. வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்களே, அதுதான். தெரு முனை திரும்புவதற்குள் அவன், "வரும்போது மல்லாட்ட உருண்டை வாங்கினு போனா சரியாப்பூடும் பாய். உருண்டைன்னா உயிர உட்டுடுவா" என்றான். அந்தப் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்லுவார்கள்.

ஓடுதளத்தின் ஒரு கோடியில் இருந்த வளைவில் இடம் பிடித்தோம். நான் கூட்டத்துக்குப் பின்னால் மேடாக இருந்த ஒரு வரப்பின் மேல் நின்றேன். என் வலது கைப் பக்கம் ஓட்டப்பாதை. இடது கைப் பக்கம் அறுத்த வயல். எனக்கு எதிரே, பதினைந்து அடி தள்ளி, கயிற்றைத் தாண்டி, வைக்கோல் கட்டின் மேல் அவன். இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு படம் எடுத்தேன். அவன் துண்டைப் போட்டான், நான் திரும்பினேன், அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி நேராகப் பார்த்துத்தான் கையை வீசினேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஏழு தடவை ஒழுங்காகச் செய்தவன் நான்.

எட்டாவது படத்தைக் கடைசிப் பந்தயத்துக்கு வைத்திருந்தேன். அதில் ஒரு சிவப்புக் கார். அன்றைக்கு முழுக்க எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கிட்டே வந்ததும் சில்லைப் பார்த்தேன். கார் வரவேண்டிய இடத்தில் நட்ட நடுவே அவன் நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் கார் வளைந்து வர வேண்டும். அவனை வயல் பக்கம் நகர்த்த வேண்டும். சில்லில் வயல் வலது பக்கம் இருந்தது. வலது கையை வலது பக்கம் வீசினேன்.

தலையைத் தூக்கவில்லை. கார் தப்பிவிடும் என்ற பயம்.

சில்லுக்குள் அவன் இடது பக்கம் நகர்ந்தான். நான் வலது என்கிறேன், இவன் இடது போகிறான், கழுதை, காதுதான் கேட்காது, கண்ணுமா தெரியாது என்று எனக்கு எரிச்சல். இன்னும் பலமாக வீசினேன். அவன் இன்னும் ஒரு கட்டு தள்ளிப் போனான். நான் வீச வீச அவன் போய்க்கொண்டே இருந்தான். வயல் பக்கம் போகச் சொல்லி நான் வீசிய கை, எதிரே நின்று பார்க்கிறவனுக்கு ஓட்டப்பாதைப் பக்கம் காட்டியது. அவன் தன் வேலையைச் சரியாகச் செய்தான். கட்டு முடிந்த ஓரத்தில் நின்று, என்னைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையால் தன் காலைக் காட்டினான். சில்லுக்குள் கார் வந்துவிட்டது. "போய்த் தொலை" என்று சொல்லி அமுக்கினேன்.

அதன் பிறகு ஒரு சத்தம், அப்புறம் வைக்கோல் மழை. கார் வளைவில் நிலை தவறி, கட்டுகளை இடித்துக்கொண்டு மணலில் போய் நின்றது. ஓட்டினவருக்குத் தோளில் அடி. என் சிநேகிதனை ஒரு வேனில் ஏற்றி மெட்ராஸ் கொண்டு போனார்கள். நானும் ஏறினேன். செங்குன்றம் ஏரிக்கரை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. கேமரா என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேனில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அதையே பார்த்தார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவனை யாரும் தள்ளவில்லை, கால் வழுக்கவில்லை, காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் போய் நின்றான் என்றார்கள். முனி இழுத்தது என்று ஒருத்தர் சொன்னார். கூட்டம் முழுக்க முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. வரப்பின் மேல் பின்னால் நின்று கையை வீசிய முனியை யாரும் பார்க்கவில்லை.

ஏட்டு வந்து என்னை விசாரித்தார். "நீதானேய்யா கூட வந்தவன்? அவன் எதுக்கு அங்க போனான்?"

"நான் கேமராவுல குனிஞ்சிக்கினு இருந்தேன் சார். அவனாத்தான் போனான்."

எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். அதில் எந்த வார்த்தையும் பொய் இல்லை. அப்படித்தான் அன்றைக்கு என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயம், வேறொன்றும் இல்லை. போலீஸ் பயம், வாப்பா பயம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள், அந்தப் பயம். இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்குமா என்று பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்திருந்தார்கள். நான் போனபோது அவன் மனைவி கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை. அத்தனை பேர் எதிரிலும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க கூட இருந்தீங்க. யாருனா தள்ளிட்டாங்களா? கால் கீல் வழுக்கிச்சா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. வழுக்கிவிட்டது என்று நான் சொல்ல வேண்டும் என்று கெஞ்சுகிறாள். பந்தயத்தன்று காலையில் அவள் சொன்ன வார்த்தை அதற்குள் தெருத் தெருவாகப் போய்விட்டிருந்தது. கூடம் முழுக்க மூச்சு விடாமல் என் வாயைப் பார்த்தது. ஏட்டிடம் ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறொன்று சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இல்லமா. அவராத்தான் போனாரு."

அவன் அம்மா தரையில் ஓங்கி அடித்தாள். "கேட்டுக்கினியாடி? ஒரேடியாப் போன்னு அனுப்புன, போயிட்டான். உன் கருநாக்குதான்டி என் புள்ளையத் தின்னுது."

கருநாக்கு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். நல்லது சொன்னால் பலிக்காது, கெட்டது சொன்னால் தப்பாது, அந்த நாக்கு. அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். காலையில் அவள் 'போ' என்றாள், மதியம் நான் 'போய்த் தொலை' என்றேன். என் நாக்கின் நிறம் என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்ததும் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் அவள் ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் நல்லாக் கீது என்று சொன்ன கன்று செத்ததாம். பக்கத்து வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தவர்கள் அவள் குடமும் தண்ணியுமாக எதிரே வரவும் திரும்பிப் போனார்களாம். அவளே இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை, பேச வேண்டியிருந்தால் முந்தானையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறாள் என்று ஒரு கிழவர் வேட்டிக்கு விலை கேட்டபடியே சொன்னார். நான் கிழித்துக்கொண்டிருந்த துணி கோணலாகப் போய்விட்டது. வாப்பா திட்டினார்.

கேமரா பழைய இடத்திலேயே கிடந்தது, உள்ளே சுருளோடு. ஐந்து மாசம் அதைத் தொடவில்லை. இத்தோடு கேமராவையே விட்டுவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். பிற்பாடு வேறு கேமரா வாங்கி நிறைய எடுத்தேன், பந்தயம் உட்பட. மனுஷன் அப்படித்தான் இருக்கிறான்.

ஆடி மாசம் மெட்ராஸுக்குச் சரக்கெடுக்கப் போனபோது சுருளை ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். ஏழு படத்தில் ஐந்து உருப்படி இல்லை. இரண்டு நன்றாக வந்திருந்தன. எட்டாவதைப் பார்க்கத் துணிவில்லாமல் கவரோடு எடுத்துப் போய் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

கார் ஒரு தீற்றல்தான். கூட்டம் கலங்கல். அவன் மட்டும் கல் மாதிரி நிற்கிறான், அவ்வளவு தெளிவு. வைக்கோல் கட்டின் ஓரத்தில் இரண்டு காலும், ஒரு கையில் துண்டும். இன்னொரு கை விரலை நீட்டிக் கீழே தன் காலைக் காட்டுகிறது. முகம் நேராக என்னைப் பார்க்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது, சிரிப்பு வேறு. 'இங்கியா பாய்?' என்று கேட்கிறான்.

பெஞ்சிலேயே அழுதேன். அழுது முடித்ததும் ஒரு தெளிவு வந்தது. இந்தப் படம் போதும் என்று நினைத்தேன். சாகப் போகிறவன் இப்படியா நிற்பான்? கோபித்துக்கொண்டு வந்தவன் இப்படியா சிரிப்பான்? யாரோ சொல்லித்தான் நகர்ந்திருக்கிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளிடம் போய்ப் படத்தைக் கொடுத்து, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி, ஊரைக் கூட்டினாலும் சரி. அவளுடைய நாக்கை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கே அரக்கோணம் வண்டி ஏறினேன். வேப்பம்பட்டு தாண்டும் வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். திருவள்ளூரில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து நின்றேன், பிறகு உட்கார்ந்தேன். திருவாலங்காட்டில் இறங்கி, வெயிலில் மூன்று மைல் நடந்து, கேட்டுக் கேட்டு அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவள் பின்பக்கம் கொட்டகை நிழலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் படத்தைக் கொடுத்தேன். அவனுடைய படம் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. நானாவது ஒன்று எடுத்திருக்கலாம். சுருள் வீண் என்று எடுக்காதவன். அவள் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். முந்தானை நழுவி விழுந்தது. அவள் அதை எடுத்து மூடவில்லை.

"சிரிக்கறாரு" என்றாள்.

"ஆமாம்மா. கோவமே இல்ல அவருக்கு. வரும்போது உனக்கு மல்லாட்ட உருண்டை வாங்கினு போவணும்னு சொல்லிக்கினே வந்தாரு."

"யாரைப் பாக்கறாரு அண்ணே?"

"என்னை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சில்லு, பக்கம் மாறித் தெரிவது, நான் வீசிய கை, தூக்காத தலை. அவளுக்குப் புரிய வேண்டும் என்று அந்தக் கொட்டகையிலேயே எழுந்து நின்று, இல்லாத பெட்டியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, குனிந்து கையை வீசிக் காட்டினேன். ஒரு துணிக்கடைக்காரன் கூத்தாடி மாதிரி நின்று கையை ஆட்டுகிறான். அவள் என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். படத்தில் அவன் இருந்தான், துண்டு இருந்தது, வைக்கோல் இருந்தது. என் கை மட்டும் இல்லை.

நான் உட்கார்ந்தேன். அவள் அமைதியாகச் சொன்னாள்.

"அன்னிக்குக் கூடத்துல எல்லாரு எதிர்லயும் கேட்டேன். அவராத்தான் போனாருன்னு நீங்கதான் சொன்னீங்க. எழவு ஊட்ல யாருனா பொய் சொல்லுவாங்களா? நான் இப்டி கெடக்கறேன்னு கேள்விப்பட்டு, என் பாவத்த உங்க தலையில ஏத்திக்கினு போலாம்னு வந்துகீறீங்க. நல்ல மனசு அண்ணே உங்களுக்கு."

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன்மா. நான்தான். நான் காட்டித்தான் போனான்."

அவள் தலையை ஆட்டினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை அது. அதில் கோபமில்லை, என் மேல் இரக்கம்தான் இருந்தது. அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவள் படத்தை என் பக்கம் சாய்த்து, அவன் நீட்டியிருந்த விரலின் மேல் தன் விரலை வைத்தாள்.

"இங்கப் பாருங்க. காலைக் காட்டி ஏதோ கேக்கறாரு."

"ஆமாம்மா. 'இங்கியா'ன்னு என்னத்தான் கேக்கறாரு."

"உங்கள இல்லண்ணே" என்றாள். "ஒரேடியாப் போன்னு நான்தானே சொன்னேன். 'இவ்ளோ தூரம் போதுமா'ன்னு என்னைக் கேக்கறாரு."

படத்தை முறத்திலிருந்த மல்லாட்டையின் மேல் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.